செல்கிர்க் மலைகளில் ஸ்னோகேட் பனிச்சறுக்கு: ஒரு நாளுக்கு எப்படித் தயாராவது, எப்படி நடந்துகொள்வது

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், நெல்சன் நகரிலிருந்து கூட்டனே ஏரியின் கரையோரமாகவே வடக்கே சென்றால், கஸ்லோ ஊரைத் தாண்டி, ஏரி முடிகிற இடத்துக்கு அப்பால் மெடோ கிரீக் என்ற சிற்றூர் வரும். பனியைச் சமன்படுத்துவதற்கென்று செய்யப்பட்ட வண்டியில் ஆட்களை ஏற்றிச் சென்று, மனித நடமாட்டமில்லாத முகடுகளில் இறக்கிவிட்டு, அங்கிருந்து சறுக்கி இறங்கச் செய்யும் தொழிலை ஆலன் ட்ரூரி, பிரெண்டா ட்ரூரி தம்பதியினர் 1975-இல் இந்த ஊரை அடுத்த செல்கிர்க் மலைகளில் தொடங்கினார்கள். இந்த வகையில் உலகின் முதல் நிறுவனம் என்று அது அறியப்படுகிறது. இன்று நெல்சன், ரெவல்ஸ்டோக், கோல்டன், ஃபெர்னி ஆகிய ஊர்களைச் சுற்றி இத்தகைய நிறுவனங்கள் பல இயங்குகின்றன.

ஸ்னோகேட் என்ற பெயரில் வரும் ‘கேட்’, கம்பளிப்பூச்சியைக் குறிக்கும் ‘கேட்டர்பில்லர்’ என்ற சொல்லின் சுருக்கம். சக்கரங்களுக்குப் பதிலாக அகன்ற பட்டைகளின் மேல் ஊர்ந்து செல்வதால் அந்தப் பெயர். வண்டி பல டன் எடை கொண்டது என்றாலும், அந்த எடை பட்டைகளின் பரப்பு முழுவதும் பரவிவிடுவதால், ஒரு சதுர அங்குலத்தின் மேல் அது தரும் அழுத்தம் நடந்து செல்லும் மனிதரின் காலடி தருவதைவிடக் குறைவாகவே இருக்கும். இதன் முதுகில் ஏறக்குறைய 12 பேர் உட்காரக்கூடிய, சூடேற்றப்பட்ட ஓர் அறையைப் பொருத்தியிருப்பார்கள். ஓட்டுநர் ஒருவர், வழிகாட்டிகள் இருவர், பயணிகள் ஒரு டசன் பேர் என்பதே வழக்கமான அமைப்பு. ஹெலிகாப்டரில் சென்று சறுக்குவதை விட இது மெதுவானது, செலவும் குறைவு. அதைவிட முக்கியமாக, மேகம் தரையைத் தொட்டு நிற்கும் நாளிலும், பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதும் வண்டி மேலேறும். சறுக்குவதற்கு மிகச் சிறந்த நாள்கள் அவைதான்.

இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் வசதியுள்ள சறுக்கு மையத்தில் நீங்கள் விழுந்து காலை ஒடித்துக்கொண்டால், சிவப்புச் சட்டை அணிந்த மீட்புக் குழுவினர் சில நிமிடங்களில் வந்துவிடுவார்கள். இங்கே மிக அருகிலுள்ள சாலையே பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். வானிலை கெட்டுவிட்டால் மீட்பு ஹெலிகாப்டரும் வராது. பனிக்கு அடியில் நீங்கள் புதைந்துவிட்டால் உங்களைத் தோண்டி எடுக்கப்போகிறவர்கள், காலையில் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த அதே மனிதர்கள்தான். அதேபோல அவர்களுக்கு இருக்கிற ஒரே துணை நீங்கள்தான். நீங்கள் எவ்வளவு அழகாகச் சறுக்குகிறீர்கள் என்பதைவிட, சொன்ன இடத்தில் நிற்கிறீர்களா, உங்களுடன் ஜோடி சேர்க்கப்பட்டவரைக் கண்பார்வையில் வைத்திருக்கிறீர்களா, கருவியைக் கையாளத் தெரிந்திருக்கிறீர்களா என்பவையே அந்த நாளைத் தீர்மானிக்கின்றன. ஆகவே கீழே சொல்லப்போகிற தயாரிப்புகளில் பாதிக்கு மேல் சறுக்கும் கலையைப் பற்றியவையாக இருக்காது.

யார் போகலாம், எப்போது போகலாம்

பனிச்சறுக்கை இப்போதுதான் கற்கத் தொடங்கியிருப்பவர்கள் இந்தப் பயணத்தைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்க வேண்டும். கனடாவின் சறுக்கு மையங்களில் பாதைகளைப் பச்சை வட்டம், நீலச் சதுரம், கருப்பு வைரம் என்று கடினத்தின் வரிசையில் குறித்திருப்பார்கள். நீலப் பாதையில் எந்தப் பதற்றமும் இல்லாமலும், ஒற்றைக் கருப்பு வைரப் பாதையில் கட்டுப்பாட்டை இழக்காமலும், இரண்டு பலகைகளையும் இணையாக வைத்துத் திரும்பி இறங்க முடிந்தால் நீங்கள் போகலாம். ஸ்னோபோர்டுக்காரர்களுக்கும் இதே அளவுகோல்தான். ஆனால், சமன்படுத்திய பாதையில் மட்டுமே பழகியவர்களுக்கு முழங்கால் அளவுப் பனி முற்றிலும் வேறோர் உலகம். எனவே முன்பதிவு செய்வதற்கு முன்பு, புதுப்பனி விழுந்த நாளில் உங்கள் ஊர் மையத்தின் சமன்படுத்தாத ஓரங்களிலும் மரங்களுக்கு இடையிலும் நாலைந்து நாள்களாவது பழகிக்கொள்ளுங்கள்.

உடல்வலு பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை வரை இறங்குவோம். ஒவ்வொரு இறக்கமும் செங்குத்துயரத்தில் 300 முதல் 600 மீட்டர் வரை இருக்கும். குழுவில் ஒருவர் களைத்துப்போனால் பன்னிரண்டு பேரும் அவருக்காகக் காத்திருப்பார்கள். அதற்காக யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், ஆனால் களைத்தவர்தான் அதிகம் விழுகிறார், பலகையைத் தொலைக்கிறார், தவறான இடத்தில் நிற்கிறார். புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வாரத்தில் மூன்று நாள் படிக்கட்டு ஏறி இறங்குவதும், தோப்புக்கரணம் போன்ற தொடைக்கான பயிற்சிகளைச் செய்வதும் போதுமானவை. இறங்குவதில் வேலை செய்கிற தசை தொடையின் முன்பக்கத் தசை என்பதால், படியேறுவதை விடப் படியிறங்குவதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

பருவம் டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதி வரை நீளும். பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கடற்கரை மலைகளில் ஒரு பகுதி ஈரத்தை இறக்கிவிட்டு, உள்நாட்டுக்குள் வந்து, மொனாஷி, செல்கிர்க் தொடர்களின் மேல் மறுபடியும் ஏற நேர்கிறது. அங்கே வெப்பநிலை குறைவு என்பதால் கடற்கரையில் விழுவதைவிட உலர்ந்த, இலேசான பனியாக அது விழுகிறது. 1971-72 குளிர்காலத்தில் ரெவல்ஸ்டோக்குக்கு அருகிலுள்ள மவுண்ட் கோப்லண்டில் 24 மீட்டருக்கு மேல் பனி பொழிந்தது. கனடாவில் ஒரே பருவத்தில் பதிவான உச்ச அளவு அதுவே. உலர்ந்த பனி வேண்டுமானால் ஜனவரியும் பிப்ரவரியும் நல்லவை. முதல்முறை வருகிறவர்களுக்கு நான் மார்ச் மாதத் தொடக்கத்தைப் பரிந்துரைப்பேன். பகல் நீண்டிருக்கும், குளிர் கடுமையாக இராது, களைத்த கால்களுக்கு அவகாசமும் கிடைக்கும்.

முன்பதிவின்போது கேட்க வேண்டியவை

ஒரு நாள் கட்டணம் நிறுவனத்தையும் பருவத்தையும் பொறுத்துப் பல நூறு கனடிய டாலர்கள் வரும். ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. அந்தத் தொகையைக் கட்டுவதற்கு முன்பு வழிகாட்டிகளின் தகுதியைக் கேளுங்கள். கனடிய மலை வழிகாட்டிகள் சங்கம், கனடிய ஸ்கீ வழிகாட்டிகள் சங்கம் ஆகிய இரண்டில் ஒன்றின் சான்றிதழ் அவர்களிடம் இருக்க வேண்டும். நிறுவனம் ‘ஹெலிகேட் கனடா’ என்ற தொழில் கூட்டமைப்பில் உறுப்பினரா என்பதையும் கேட்கலாம். பனிச்சரிவு பற்றிய தரவுகளை நாள்தோறும் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள கனடிய நிறுவனங்கள் 1991 முதல் ‘இன்ஃபோஎக்ஸ்’ என்ற ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. பக்கத்துப் பள்ளத்தாக்கில் நேற்று என்ன சரிந்தது என்பது இன்று காலை உங்கள் வழிகாட்டிக்குத் தெரிந்திருப்பது அதனால்தான்.

பொறுப்புத் துறப்புப் படிவம் ஒன்று உங்களுக்கு வரும். பலரும் அதைக் காலையில் கவுன்டரில் நின்றபடி, படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நிறுவனத்தின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தாலும் வழக்குத் தொடரும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருக்கும். வீட்டில் உட்கார்ந்து, குடும்பத்தாருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. பயணக் காப்பீட்டில் ‘எல்லைக்கு வெளியிலான பனிச்சறுக்கு’ விலக்கப்படவில்லை என்பதையும், ஹெலிகாப்டர் மீட்புச் செலவு சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். சைவ உணவுக்காரர்கள் பதிவின்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். மதிய உணவை அதிகாலையிலேயே கட்டி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். மலையில் மாற்று எதுவும் கிடைக்காது.

ஊர் போய்ச் சேர்வதற்கு ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்வது அவசியம். நெல்சனுக்கு அருகிலுள்ள காசல்கர் விமான நிலையத்தில் குளிர்காலத்தில் மேகமூட்டத்தால் விமானங்கள் அடிக்கடி ரத்தாகும். கெலோனாவரை விமானத்தில் வந்து அங்கிருந்து காரில் செல்வது நம்பகமானது. மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் குளிர்கால டயர்கள் சட்டப்படி கட்டாயம். செல்கிர்க் மலைகளைக் கடக்கும் ரோஜர்ஸ் கணவாய் வழியாக வருபவர்கள் சாலை திடீரென மூடப்படும் என்பதை எதிர்பார்த்தே புறப்பட வேண்டும். அங்கே கனடிய ராணுவத்தினர் பீரங்கியால் சுட்டு, பனி பெரிதாகச் சேர்வதற்கு முன்பே அதைச் சரித்துவிடுகிறார்கள்.

உடையும் கருவியும்

தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை, அதன் மேல் மெல்லிய கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் நீர் புகாத மேலாடை என்ற மூன்றடுக்கு போதும். பருத்தி எந்த அடுக்கிலும் கூடாது. வேர்வையில் நனைந்த பருத்தி உலராது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும். இந்தப் பயணத்தின் தனிச் சிக்கல் குளிரும் வெப்பமும் மாறி மாறி வருவதுதான். வெளியே மைனஸ் 12 டிகிரியில் இறங்கிவந்து, பன்னிரண்டு பேரின் மூச்சால் சூடேறிய அறைக்குள் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து, மறுபடியும் குளிருக்குள் இறங்குவோம். வண்டிக்குள் ஏறியதும் முதல் வேலையாகத் தலைக்கவசத்தைக் கழற்றி, மேலாடையின் பற்பிணைப்பைத் திறந்துவிடுங்கள். கண்காப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்தால் வேர்வை ஆவி படிந்து மங்கிவிடும். கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கத்தைக் கையுறையால் துடைக்கவே கூடாது. இன்னொரு கண்ணாடியும், இன்னொரு ஜோடி கையுறையும் பையில் இருக்கட்டும். நான் ஒரு சிறு குடுவையில் இஞ்சித் தேநீர் கொண்டுபோவேன். மூன்றாவது இறக்கத்துக்குப் பிறகு அது கையிலிருந்து கைக்குப் போய்க் காலியாகி வரும்.

பலகைகள் நடுப்பகுதியில் 100 முதல் 115 மில்லிமீட்டர் வரையோ அதற்கு மேலோ அகலம் கொண்டவையாக இருக்க வேண்டும். மையத்தில் பயன்படுத்தும் குறுகலான பலகைகள் இந்தப் பனியில் மூழ்கிவிடும். பெரும்பாலான நிறுவனங்கள் அகன்ற பலகைகளை வாடகைக்குத் தருகின்றன, அதுவே சிக்கனம். ஆனால் பூட்ஸ் உங்களுடையதாக, நன்கு பழகியதாக இருக்கட்டும். கைக்கோல்களின் வாரை மணிக்கட்டில் மாட்டாதீர்கள். மரங்களுக்கு இடையில் கோல் சிக்கினால் தோளை இழுத்துவிடும். பனிக்குள் சிக்கினால் கையை மேலே கொண்டுவர விடாமல் தடுக்கும்.

பாதுகாப்புக் கருவிகள் மூன்று: பனிக்குள் புதைந்தவரைத் தேட உதவும் டிரான்ஸீவர் என்ற ரேடியோ கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் மடக்குக் கம்பி, மடக்கு மண்வாரி. இவற்றை நிறுவனமே தரும். சில நிறுவனங்கள் காற்றுப்பை பொருத்திய முதுகுப்பையும் தருகின்றன. அரிசியும் கொண்டைக்கடலையும் கலந்த டப்பாவைக் குலுக்கினால் கடலை மேலே வந்துவிடுமல்லவா, அந்தத் தத்துவம்தான் காற்றுப்பைக்கும். சரிந்து ஓடும் பனிக்கட்டிகளுக்கு நடுவே உங்கள் உருவம் பெரிதாகிவிட்டால் நீங்கள் மேல்பரப்புக்கு வர வாய்ப்பு அதிகம். பை இருந்தால், அதன் இழுப்பானைக் கையுறையுடனேயே பிடித்துப் பார்த்துப் பழகுங்கள். கைபேசியை டிரான்ஸீவரிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். தேடும் நேரத்தில் 50 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அணைத்தே வைப்பது இன்னும் நல்லது. மின்கலத்தால் சூடாகும் கையுறைகளும் காந்தப் பொத்தான் வைத்த மேலாடைகளும் இதே தொந்தரவைத் தரும்.

காலைப் பயிற்சி

வழிகாட்டிகள் உங்களுக்கு வெகுநேரம் முன்பே எழுந்து, இரவு பெய்த பனியின் அளவு, காற்று, வெப்பநிலை ஆகியவற்றைப் பார்த்து, அன்றைக்கு எந்தெந்த இறக்கங்கள் திறந்தவை, எவை மூடியவை என்று ஒரு பட்டியலைக் கூட்டாக முடிவு செய்திருப்பார்கள். மூடியது என்று காலையில் முடிவான சாய்வு, மதியம் வெயில் அடித்து எவ்வளவு அழகாகத் தோன்றினாலும் மூடியதுதான். அங்கே போகலாமா என்று கெஞ்சுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மறுப்பது அவர்களுடைய வேலையிலேயே கடினமான பகுதி, அதை நாம் இன்னும் கடினமாக்க வேண்டியதில்லை.

காலை உணவுக்குப் பிறகு வரும் ஒரு மணி நேரப் பயிற்சியே என் கணக்கில் அந்த நாளின் மிக முக்கியமான பகுதி. டிரான்ஸீவர் ஒரு சோப்புப் பெட்டி அளவுள்ள கருவி. அது 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். தேடும் நிலைக்கு மாற்றினால் பிறருடைய துடிப்பைக் கேட்கும். மேலாடைக்கு உள்ளே, மார்பின் குறுக்கே வாரால் கட்டிக்கொள்ள வேண்டும். பயிற்சியில் ஒரு கருவியை வழிகாட்டி பனிக்குள் புதைத்துவைப்பார். உங்கள் கருவியின் திரையில் ஓர் அம்புக்குறியும், தொலைவைத் தோராயமாக மீட்டரில் காட்டும் ஓர் எண்ணும் தெரியும். அம்பு காட்டும் திசையில் நடக்கிறீர்கள்: 38, 31, 24. எண் ஏறத் தொடங்கினால் எதிர்த்திசையில் போகிறீர்கள் என்று பொருள், திரும்ப வேண்டும். 10-க்குக் கீழே வந்ததும் நடையைத் தளர்த்த வேண்டும். 3-க்குக் கீழே வந்ததும் முழந்தாளிட்டு, கருவியைப் பனிப்பரப்பை ஒட்டிப் பிடித்து, அதைத் திருப்பாமல், நேர்க்கோட்டில் முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமும் நகர்த்தி, மிகச் சிறிய எண் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். கை நடுங்கும், அவசரப்படுத்தும். அந்தக் கடைசி ஒரு மீட்டரில் மெதுவாகச் செய்பவர்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்.

பிறகு கம்பி. சாய்வுக்குச் செங்குத்தாகக் குத்த வேண்டும். தட்டுப்படவில்லையென்றால் 25 சென்டிமீட்டர் தள்ளி, சுருள் வட்டமாக விரிந்துகொண்டே போக வேண்டும். உறைந்த தரையில் குத்தினால் ‘டக்’ என்று கெட்டியாக இருக்கும். பனிக்குள் கிடக்கும் பையில் குத்தினால் மெத்தையைத் தொட்டதுபோல் மெல்ல எகிறும். அந்த வித்தியாசத்தைக் கைக்குக் கற்றுக்கொடுங்கள், கேட்டு வாங்கி இரண்டு மூன்று தடவை குத்திப் பாருங்கள். தட்டுப்பட்ட கம்பியைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும். தோண்டுவது கம்பியின் தலைமாட்டில் அல்ல. கம்பி காட்டும் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தொலைவு சாய்வில் கீழே தள்ளி நின்று, புதைந்தவரை நோக்கிக் கிடைமட்டமாகப் பனியை வெட்டித் தள்ள வேண்டும். பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டால் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் கடந்துவிட்டால் மூன்றில் ஒருவர்தான். பயிற்சியின்போது சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டதும் அமைதியாகிவிடுவார்கள்.

வண்டியும் இறக்கமும்

வண்டியை ஒருபோதும் பின்பக்கமாகவோ சாய்வின் கீழ்ப்பக்கமாகவோ நெருங்காதீர்கள். ஓட்டுநருக்கு அங்கே நிற்பவர் தெரிவதில்லை. வண்டி முழுமையாக நின்று, வழிகாட்டி கைகாட்டிய பிறகே போக வேண்டும். பலகைகளை வழிகாட்டியிடம் கொடுத்தால் அவர் வெளியிலுள்ள கூடையில் அடுக்குவார். ஏணியில் கால்வைக்கும் முன் பூட்ஸின் அடியிலுள்ள பனியைத் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே உருகித் தரை முழுவதும் சேறாகிவிடும். மேலே போய்ச் சேர பத்து நிமிடமும் ஆகலாம், அரை மணி நேரமும் ஆகலாம். அந்த நேரத்தில் தண்ணீர் குடியுங்கள், பூட்ஸின் பிடிகளைத் தளர்த்துங்கள்.

முகட்டில் இறங்கியதும் வழிகாட்டி ஜோடி பிரிப்பார். அதன்பின் மூன்று விஷயங்களைச் சொல்வார்: தாம் போடும் தடத்துக்கு எந்தப் பக்கமாக வர வேண்டும், ஒருவர் பின் ஒருவராகவா அல்லது ஜோடியாகவா, எங்கே நிற்க வேண்டும். இதை அடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு வழிகாட்டி முன்னே போவார், இன்னொருவர் எல்லோருக்கும் பின்னால் வருவார். முன்னே போகிறவரைத் தாண்டிக் கீழே போகவே கூடாது.

எனக்கு இது பாடமான விதத்தைச் சொல்கிறேன். முதல் ஆண்டில், இரண்டாவது இறக்கத்திலேயே, பனி நன்றாக இருந்த உற்சாகத்தில் வழிகாட்டி நின்ற இடத்தைத் தாண்டி ஏழெட்டு மீட்டர் கீழே போய் நின்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. “அங்கேயே அசையாமல் நில்லுங்கள், இப்போது நான் சொல்கிறபடி பக்கவாட்டில் மேலே ஏறி வாருங்கள்” என்றார். இடுப்பளவுப் பனியில் அந்த ஏழெட்டு மீட்டரை ஏறக் கால் மணி நேரம் பிடித்தது. மேலே வந்து திரும்பிப் பார்த்தபோதுதான், நான் நின்றிருந்த இடத்துக்குக் கீழே சாய்வு முட்டை ஓடுபோல வளைந்து செங்குத்தாவது தெரிந்தது. பனி மிக எளிதாக இழுபட்டு உடைகிற இடம் அத்தகைய வளைவு. அன்றிலிருந்து வழிகாட்டிக்கு இரண்டு மீட்டர் மேலேயே, அவரை இடிக்காதபடி பக்கவாட்டில் வந்து நிற்கிறேன். மெதுவாக வந்து மேலே நிற்பதை வீட்டுக்கு அருகிலுள்ள மையத்திலேயே பழகிக்கொள்ளுங்கள்.

ஆழப்பனியில் உடலைப் பின்னால் சாய்க்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள்; அது தொடையைத்தான் எரிக்கும். எடையை இரண்டு பாதங்களிலும் சமமாக வைத்து, பாதங்களைச் சற்று நெருக்கி, கைகளை முன்னால் வைத்து, ஒரே தாளத்தில் வட்டமான திருப்பங்களாக இறங்குங்கள். முதல் இரண்டு திருப்பங்களுக்கு முன் கொஞ்சம் வேகம் சேர விடுங்கள். வேகம் வந்தால்தான் பலகை மிதக்கும். விழுந்துவிட்டால், இரண்டு கோல்களையும் பெருக்கல் குறிபோலப் பனியின் மேல் வைத்து, நடுவில் கையூன்றி எழுங்கள். வெறும் கையை ஊன்றினால் தோள்வரை உள்ளே போய்விடும். பலகை கழன்று காணாமல் போனால், நீங்கள் கிடக்கும் இடத்தில் தேடாதீர்கள். அது பெரும்பாலும் நீங்கள் விழத் தொடங்கிய இடத்தில், உங்களுக்கு மேலே கிடக்கும். இன்னொரு பலகையின் பின்முனையால் பனியைக் குறுக்காகக் கீறிக்கொண்டே மேலேறிப் பாருங்கள்.

மரக்குழி

பனிச்சரிவைப் பற்றி எல்லோரும் அஞ்சுகிறார்கள், மரக்குழியைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஊசியிலை மரங்களின் தாழ்ந்த கிளைகள் குடைபோல் பனியைத் தாங்கிக்கொள்வதால், அடிமரத்தைச் சுற்றிப் பனி இறுகாமல், தளர்வாக, ஆள் உயரத்துக்கும் மேல் ஆழமான ஒரு பள்ளம் உண்டாகிவிடும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அதில் தலைகீழாக விழுந்தவரின் மேல் கிளையிலுள்ள பனியும் கொட்டிவிடும். தாமாக வெளியே வருவது பெரும்பாலோருக்கு முடிவதில்லை, மூச்சு நின்றுவிடும். வழிகாட்டி இருந்தாலும், பத்து மீட்டர் தொலைவில் விழுந்தவர் மரங்களுக்கு நடுவே அவர் கண்ணில் படாமல் போகலாம்.

மரத்தைப் பார்க்காமல் மரங்களுக்கு இடையிலுள்ள வெளியைப் பார்த்துச் சறுக்குங்கள். எங்கே பார்க்கிறோமோ அங்கேதான் போவோம். சிலசில திருப்பங்களுக்கு ஒருமுறை நின்று, ஜோடியைப் பாருங்கள், குரல் கொடுங்கள். விழப்போவது தெரிந்தால் கிளையையோ அடிமரத்தையோ கட்டிப்பிடித்துத் தலையை மேலே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய்விட்டால் உதறாதீர்கள். உதற உதறப் பனி மேலே விழும். முகத்தின் முன் கையால் இடம் செய்து, மூச்சை நிதானமாக விட்டு, ஊதலை ஊதிக் காத்திருங்கள். ஜோடியைக் காணவில்லையென்றால், கீழே போய்விட்டிருப்பார் என்று ஊகிக்காமல், அந்த இடத்திலேயே நின்று கூப்பிடுங்கள், பின்னால் வரும் வழிகாட்டியிடம் சொல்லுங்கள். உங்கள் ஜோடி சிரித்தபடி கீழே நின்றுகொண்டிருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

பனிச்சரிவு

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி வரையிலான சாய்வுகளில் நிகழ்கின்றன. நாம் விரும்பிச் சறுக்கும் சாய்வுகளும் அவைதான். தெளிந்த குளிர் இரவுகளில் பனிப்பரப்பின் மேல் இறகுபோன்ற படிகங்கள் முளைக்கும். காலை வெயிலில் அவை மினுங்குவதைப் போன்ற அழகு வேறில்லை. அவற்றின் மேல் அடுத்த பனி விழுந்து மூடிவிட்டால், அந்த இறகுப் படலம் வாரக்கணக்கில் வலுவற்ற அடுக்காக உள்ளேயே இருக்கும். ஒருவருடைய எடை அதை உடைத்துவிடப் போதும். இதைக் கண்டுபிடிக்க வழிகாட்டிகள் குழி தோண்டி, ஒரு பனித்தூணை வெட்டி, அதன் தலையில் மண்வாரியை வைத்து, மணிக்கட்டை அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டிப் பார்ப்பார்கள். அருகே நின்று பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். பன்னிரண்டாவது தட்டில் ஒரு மீட்டர் தடிமனுள்ள பனித்துண்டு இழுப்பறை திறப்பதுபோல் வழுக்கி வெளியே வந்ததைப் பார்த்த பிறகு, ‘இந்தச் சாய்வு இன்று வேண்டாம்’ என்ற சொல்லை நான் வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினேன்.

‘ஒருவர் பின் ஒருவராக’ என்று வழிகாட்டி சொன்னால், முன்னவர் பாதுகாப்பான இடத்தில் நின்று கைகாட்டும் வரை நீங்கள் அசையக் கூடாது. காலடியில் ‘உம்ப்’ என்று பனி அமுங்கும் ஓசை கேட்டாலோ, விரிசல் ஓடுவதைக் கண்டாலோ நின்று உரக்கச் சொல்லுங்கள். பனி நகர ஆரம்பித்துவிட்டால், வேகத்தை விடாமல் பக்கவாட்டில் வெளியேற முயலுங்கள். முடியாவிட்டால் கோல்களை எறிந்துவிட்டு, காற்றுப்பையை இழுத்து, மேல்பரப்பில் இருக்கப் போராடி, பனி நிற்கும் தருணத்தில் ஒரு கையை வாயின் முன் கொண்டுவாருங்கள். மேலே நிற்பவர்கள், பனியில் சிக்கியவர் கடைசியாகத் தென்பட்ட இடத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. உடனே ஓடவும் கூடாது. 1910 மார்ச் 4 அன்று ரோஜர்ஸ் கணவாயில், முதலில் சரிந்த பனியைத் தண்டவாளத்திலிருந்து அகற்றிக்கொண்டிருந்த ரயில்வே தொழிலாளர்களின் மேல் எதிர்ப்பக்கத்து மலையிலிருந்து இரண்டாவது சரிவு இறங்கி 58 பேரைக் கொன்றது. அவர்களில் 32 பேர் ஜப்பானிலிருந்து வந்தவர்கள். இன்னொரு சரிவு வருமா என்று வழிகாட்டி பார்த்துச் சொன்ன பிறகு, அவர் காட்டும் வழியில் இறங்குங்கள்.

மாலை

மூன்று மணிக்கு மேல் வெளிச்சம் தட்டையாகி, மேடும் பள்ளமும் ஒன்றுபோலத் தெரியும், தொடைகளும் நடுங்கும். ‘இன்னும் ஒன்று போகலாமா’ என்று வழிகாட்டி கேட்கும்போது, முடியவில்லையென்றால் முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள். வண்டியிலேயே உட்கார்ந்து ஓட்டுநருடன் கீழே வருவதற்கு எப்போதும் இடம் உண்டு. எனக்குக் கிடைத்த மிக நல்ல உரையாடல்கள் சில அப்படி முன்னிருக்கையில் வந்தவை. எந்த வளைவில் எந்த ஆண்டு எவ்வளவு பனி நின்றது என்பது ஓட்டுநர்களுக்கு மனப்பாடம்.

விடுதிக்கு வந்ததும், குழுவில் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள் என்று வழிகாட்டி சொன்ன பிறகே டிரான்ஸீவரை அணைத்துத் திருப்பிக் கொடுங்கள். வழிகாட்டிகளுக்கும் ஓட்டுநருக்கும் சேர்த்து அன்பளிப்புத் தருவது அங்கே வழக்கம். உறையில் இட்டு அலுவலகத்தில் கொடுத்தால் பகிர்ந்துகொள்வார்கள். பூட்ஸின் உள்ளுறையை முழுவதுமாக உருவி, அடுப்பறைப் பக்கம் உலர்த்தும் தாங்கியில் தலைகீழாக மாட்டுங்கள். ஈரமாக விட்டால் மறுநாள் காலையில் கால் உள்ளே போகாது. அதன் பிறகு உங்கள் ஜோடி எங்கே இருக்கிறார் என்று பார்த்து, அவருக்கும் சேர்த்து ஒரு கோப்பை சூப் எடுத்துக்கொண்டு போங்கள்.